அடைப்பு

மாளிகாவத்தை, மருதானை, பஞ்சிகாவத்தை.
இருபத்திரண்டு வருசமாய் இந்தக் கொழும்பின்
வயிற்றுக்குள் கைவிட்டவன் நான்.
மூங்கில் பிளாச்சு, கம்பிச் சுருள்,
அதற்கும் அசையாவிட்டால் அசிட்.
போத்தலைச் சரித்து மூக்கைப் பொத்தி எண்ணினால்
முப்பதுக்குள் கொளகொளவென்று இறங்கிவிடும்.
எந்தக் கடையில் பழைய எண்ணெயை ஊற்றுகிறார்கள்,
எந்த மாடியில் புதிதாய்க் குழந்தை,
மூடியைத் தூக்கினாலே தெரியும்.

அதனால்தான்
வயிறு கல்லாய்க் கனத்த அந்த மாதம்
நானும் ஒரு லைன் என்றே நினைத்தேன்.

டெரன்ஸ் ஒரு பொடி விற்றான்.
"பத்து வருச அழுக்கு அண்ணை, மூணே நாள்."
பக்கற்றில் ஒரு பச்சை இலை,
சிரிக்கிற பெண்ணின் தட்டை வயிறு.
ஒன்று கரைக்கச் சொல்லியிருந்தது. இரண்டு கரைத்தேன்.
பழைய லைனுக்கு மருந்து கூடத்தான் வேணும்.
மேலே ஒரு கரண்டி ஆமணக்கெண்ணெய்.

முதல் நாள் வெற்றி.
இரண்டாம் நாள் தண்ணீர்.
மூன்றாம் நாள் ஆமர் வீதியில்
மூடியைத் தூக்கக் குனிந்தவன் நிமிரவில்லை.
கெண்டைக்கால் கயிறாய் முறுக்க
நெஞ்சு ஓரடி தவறி ஈரடி ஓட
சுமித் என்னைச் சாக்கைப்போல் ஓட்டோவில் ஏற்றினான்.

"உப்பெல்லாம் இறங்கிட்டுது" என்றார் டொக்டர் சஃபானா,
சேலைன் குழாயை விரலால் சுண்டி.
"பிரஷருக்குக் குளிசை போடுறீங்களா?"
போடுகிறேன்.
"பொடி தந்தவர் அதைக் கேட்டாரா?"
டெரன்ஸ் காசைத்தான் எண்ணினான்.
"குடல் தன்னைத் தானே கழுவும்.
வருசக்கணக்கா ஒட்டிக் கிடக்கிற அழுக்கெண்டு ஒண்டுமில்லை.
சரி, ஏன் கழுவ நினைச்சீங்க?"

பெரியாஸ்பத்திரி மின்விசிறி
மூன்று இதழோடு சுற்றிக்கொண்டிருந்தது.
ஊரார் மலத்தைக் கண்கொட்டாமல் பார்த்தவன்
ஒரு மாதமாய் என்னுடையதைப் பார்க்காமல்
வாளித் தண்ணீரை வீசிவிட்டு வந்திருக்கிறேன்.
"ரத்தம்" என்றேன்.
அவர் பேனையை மூடினார்.

உள்ளே கெமரா விடத் திகதி தந்தார்கள், ஒரு தாளும்.
தமிழ்ப் பக்கத்தில் குடல், குடமாகியிருந்தது:
"குடம் சுத்தமாக இருத்தல் வேண்டும்."
கீரை வேண்டாம், விதை வேண்டாம்,
சிவப்பாய் எதுவும் குடிக்க வேண்டாம்.
குளிசையை எப்போது விடுவது, எப்போது தொடங்குவது என்று
டொக்டர் ஓரத்தில் தன் கையாலேயே எழுதினார்.
தலை சுற்றினால் அழைக்க ஒரு இலக்கம்.
இந்த முறை பக்கற்றில் யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் பதினொரு வீட்டுக்கு
இரண்டு கக்கூஸ்.
அஞ்சலீனா வாசல் வாசலாய்ப் போனாள்:
"இண்டைக்கு ராவு ஒண்டை எங்களுக்கு விட்டுத் தாங்கோ."
வெட்கத்தில் நான் சட்டைப் பொத்தானை எண்ணிக்கொண்டிருந்தேன்.
கஃபூர் நானா தன் வீட்டு பல்பைக் கழற்றி
உள்ளே மாட்டினார்.
சிறிமதி அக்கா பிளாஸ்டிக் கதிரையொன்றை
வெளியே போட்டுவிட்டுப் பேசாமல் போனார்.

கால்மணிக்கு ஒரு கோப்பை.
இடையில் வடித்த சூப், பிளேன்ரீ.
கதிரை, கக்கூஸ், கோப்பை, மறுபடி கதிரை.
அவசரப்படாதே என்று தாளில் இருந்தது,
அதை என் வயிற்றுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.
கொச்சிக்கடை மணி அடிக்கும்போது
வந்தது வெறும் மஞ்சள் தண்ணீர்.
பல்பு வெளிச்சத்தில்
குனிந்து பார்த்தேன்.

திரையில் ஒரு சுரங்கம்.
ஈரம், இளஞ்சிவப்பு, மடிப்பு மடிப்பாய்.
நான் இறங்கிய எந்த லைனும்
வெளிச்சம் கண்டு சுருங்கியதில்லை.
இது சுருங்கிற்று.
பிறகு, ஆறுதலாய், விட்டுக்கொடுத்தது.
ஒரு வளைவில் சின்ன மொட்டு.
கம்பி வளையமொன்று போய் அதைக் கிள்ளியது.
கம்பி எனக்குத் தெரியும்.
இவ்வளவு மெதுவாய் ஒருவர் கம்பி விட்டு
நான் பார்த்ததில்லை.

ரிப்போர்ட் வர மூன்று வாரமாம்.
கஃபூர் நானா பல்பைத் திருப்பிக் கேட்கவில்லை.
உள்ளே போகிறவர்கள் எல்லாரும்
இப்போது கொஞ்சம் நேரம் எடுக்கிறார்கள்.